புதுக்கோட்டையும் புதுக்கோட்டயும்

தமிழ்க் கதைகளில் ஒரு பழைய ஹாஸ்யம் உண்டு. கிராமத்து மனிதர் ஒருவர் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்வார். ஆசிரியர் அதை 'கோட்டு', 'கேக்கு', 'இஸ்கூலு' என்று எழுதி வைப்பார். பக்கத்தில் நிற்கும் பட்டதாரி சிரிப்பார். வாசகரும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லை என்பது என் கட்சி. உச்சரிப்பு விஷயத்தில் நம் கதாசிரியர்கள் ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறார்கள்.

இங்கிலீஷில் சில உயிரொலிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓர் ஒலியில் தொடங்கி, முடிவதற்குள் இன்னொன்றை நோக்கி வழுக்கிச் செல்கின்றன. தென் இங்கிலாந்தில் படித்தவர்களின் பேச்சில் இத்தகைய இணை உயிர்கள் எட்டு என்று பாடப்புத்தகங்கள் கணக்குச் சொல்கின்றன. 'கேக்' என்னும்போது அவர்கள் நாக்கு எகரத்தில் தொடங்கி இகரத்தை எட்டிப் பார்க்கிறது. 'கோட்' என்னும்போது உதடு கடைசியில் உகரத்துக்குக் குவிகிறது. நாம் இரண்டையும் நேராக நீட்டிச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

இணை உயிர் நமக்குத் தெரியாத சங்கதியா என்றால், இல்லை. நம் நெடுங்கணக்கிலேயே ஐ, ஔ என்று இரண்டு இருக்கின்றன. அகரமும் இகரமும் சேர்ந்து ஐகாரம், அகரமும் உகரமும் சேர்ந்து ஔகாரம் என்று தொல்காப்பியரே விளக்கிவிட்டார். அதனால்தான் 'கை', 'பை' என்று பழகிய நாக்குக்கு 'டைம்', 'லைட்', 'சைக்கிள்' எதுவும் சிரமமாக இல்லை. 'டவுன்', 'பவுடர்' ஆகியவையும் அப்படியே. ஆனால் ஏகாரமும் ஓகாரமும் தமிழில் அசையாத நெடில்கள். 'கேக்', 'கோட்' இரண்டும் அந்த அச்சில்தான் வார்ப்படமாகின்றன. இதை அறியாமை என்று சொல்வதற்கில்லை. ஒரு பாஷையின் ஒழுங்கு அது.

இருக்கிற இணை உயிரைக்கூட நாம் சொல்லின் கடைசியில் நேராக்கிவிடுகிறோம். இதற்குப் புதுக்கோட்டையைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் ஐகாரம் கம்பீரமாக நிற்கிறது. பஸ் நிலையத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் கேட்பது 'புதுக்கோட்ட'. விராலிமலை, நார்த்தாமலை, குடுமியான்மலை, கந்தர்வகோட்டை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பழைய இங்கிலீஷ் ஏடுகள் பலவற்றில் அந்த ஊர்ப்பெயர் 'கோட்டா' என்று முடியும்படி எழுதப்பட்டிருக்கிறது. வழுக்கல் ஒலிகள் நிறைந்த பாஷைக்காரர்களின் காதில் நம் ஐகாரம் விழவில்லை, யாரும் அதைச் சொல்லாத காரணத்தால். நம் இலக்கணக்காரர்கள் ஐகாரக் குறுக்கம் என்று பெயர் வைத்து இந்தக் குறுகலை அங்கீகரித்தார்கள். அதைப் பாமரர் பிழை என்று அவர்கள் தள்ளவில்லை.

சரித்திரத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 1750-களில் திருச்சிராப்பள்ளிக்காக நடந்த யுத்தங்களில் புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பினிப் படைக்கு உதவினார். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களும் 'கேட்', 'கோட்' என்ற சொற்களை ஏறக்குறைய நம்மைப் போல நேராகத்தான் சொன்னார்கள். இங்கிலாந்தின் படித்தவர் பேச்சில் இந்த இரண்டு வழுக்கல்களும் நிலைபெற்றது சுமார் 1800-ஐ ஒட்டித்தான். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் நேரான ஒலி இன்றும் வழங்குகிறது. ஆஸ்திரேலியாவிலோ வழுக்கல் இன்னும் அதிகமாகி, பலர் வாயில் 'டே' என்பது 'டை' என்றே பிறர் காதில் விழுகிறது. 1915-ல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மணந்துகொண்ட மோலி ஃபிங்க் அந்த நாட்டு மெல்பர்ன் நகரத்துப் பெண்தான். இத்தனை விதங்களில் எதை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் கிராமத்தானைப் பார்த்துச் சிரிப்பது?

சிரிக்கும் பட்டதாரியின் வாயில் மட்டும் என்ன ஒலிக்கிறது? ஹைதராபாத்திலிருந்த ஆங்கில, அயல்மொழிகள் மத்திய நிறுவனம் 1972-ல் இந்திய இங்கிலீஷின் ஒலிகளை வகுத்தபோது, படித்த இந்தியர் பேச்சில் ஏ, ஓ இரண்டும் வழுக்காத நெடில்கள் என்றே கொண்டது. ஆக, உயிரொலியில் பட்டதாரியும் கிராமத்தாரும் ஒன்றுதான். மிச்சமிருப்பது 'கோட்டு' என்பதன் கடைசி உகரம். அதையும் பட்டதாரி விட்டுவைத்திருக்கிறாரா? 'பஸ்ஸு வந்திருச்சா' என்று வீட்டில் கேட்பவர் அவரேதான்.

கோளாறு எழுத்தில்தான் நடக்கிறது. கூலிக்காரர் பேசினால் 'புதுக்கோட்ட' என்று அச்சாகிறது. முதலாளி பேசினால் 'புதுக்கோட்டை' என்று அச்சாகிறது. இரண்டு பேரும் சொன்னது ஒன்றே. ஐகாரம் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் பாத்தியப்பட்டதுபோல ஆகிவிடுகிறது. பேச்சுத் தமிழைக் கதையில் எழுதக் கூடாது என்று நான் வாதாடவில்லை. அது நம் உரைநடைக்குக் கிடைத்த பெரிய லாபம். அந்தக் காதை ஆசிரியர் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரேமாதிரி வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சிலருக்குக் காதால் கேட்டு எழுதி, சிலருக்கு அகராதியைப் பார்த்து எழுதினால் அது யதார்த்தம் ஆகாது.

இங்கிலீஷ் உச்சரிப்பைச் சிரத்தையாகக் கற்பதிலும் தவறில்லை. லண்டனில் உத்தியோகம் பார்க்கப் போகிறவர் அந்த ஊர் வழுக்கலைப் பழகிக்கொள்ளட்டும். அது பிரயோஜனமான வித்தை. ஆனால் வகுப்பில் 'கேக்கு' என்று சொல்லிக் கேலிக்கு ஆளான குழந்தை, அப்புறம் வாய் திறக்கவே யோசிக்கிறது. அந்தக் கேலிக்கு ஓர் இலக்கிய அந்தஸ்தைக் கொடுத்ததில் நம் கதைகளுக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை ஏதாவது ஒரு கதையில் 'கோட்டு' என்று வாசித்து உங்களுக்குச் சிரிப்பு வந்தால், பக்கத்தைப் புரட்டி, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டிருப்பவர் அதே வார்த்தையை எப்படிச் சொல்வதாக ஆசிரியர் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.