தயக்கத்தின் விலை: 2025-இல் நினைவில் நின்ற சைக்கிள் ஓட்டங்கள்

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், தொழில்முறைச் சாலை சைக்கிள் பந்தயத்தில் 2025-ஆம் ஆண்டு ஸ்லோவேனியாவின் ததேய் போகாச்சருக்கு உரியது. டூர் டி பிரான்ஸில் நான்காவது பட்டம், கிகாலியில் உலகப் பட்டம், அடுத்த வாரமே ஐரோப்பியப் பட்டம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். 'மான்யுமென்ட்' என்று அழைக்கப்படும் ஐந்து பழம்பெரும் ஒருநாள் பந்தயங்களில் மூன்றை வென்றார். மற்ற இரண்டில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் பெற்றார். ஒரே பருவத்தில் அந்த ஐந்திலும் மேடையேறியவர் அவருக்கு முன் எவரும் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் அதிகம் பேசப்பட்ட ஓட்டம் மே 31 அன்று இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் நடந்தது. போகாச்சர் அந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. அந்த ஓட்டத்தின் நாயகர் அன்றைய கட்டத்தில் முடித்ததும் மூன்றாவதாகத்தான்.

அந்த ஓட்டம் ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். சமதரையில் வேகமாகச் செல்லும் சைக்கிள் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. முன்னால் செல்பவரின் சக்கரத்தை ஒட்டிச் செல்பவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பெருங்கூட்டத்தின் நடுவே இருப்பவருக்கு அதைவிடவும் அதிகம். ஆகவே இழுப்பவர் களைக்கிறார், ஒட்டி வருபவர் தெம்பாக இருக்கிறார். தப்பியோடும் ஒருவரைத் துரத்த வேண்டியவர்கள் இருவர் என்றால், யார் முன்னால் நின்று காற்றை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. ஒருவர் இழுத்தால் மற்றவருக்கு ஆதாயம். இருவரும் மறுத்தால் முன்னால் போனவருக்கு ஆதாயம். செங்குத்தான மலையில் வேகம் குறைவதால் இந்தக் கணக்கின் வலு குறையும். இறக்கத்திலும் பள்ளத்தாக்கிலும் அது முழுமையாகத் திரும்பிவரும். மே 31-இன் கதை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அன்று நடந்தது ஜிரோ டி இத்தாலியாவின் 20-ஆவது கட்டம். மறுநாள் ரோம் நகரில் பந்தயம் முடிகிறது. அந்த இறுதிக் கட்டம் பெரும்பாலும் ஊர்வலம்தான். முதலிடத்தைக் குறிக்கும் ரோஜா நிற ஜெர்சி மெக்சிகோவின் இசாக் டெல் டோரோவிடம் இருந்தது. அவருக்கு வயது 21. ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் 43 விநாடி பின்னால். பிரிட்டனின் சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்னால் மூன்றாம் இடத்தில். வழியில் குறுக்கிட்டது கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே கணவாய்: நீளம் 18.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 9 விழுக்காட்டுக்கும் மேல், உச்சி 2,178 மீட்டர் உயரத்தில். கடைசி எட்டு கிலோமீட்டர் தார் காணாத சரளைப் பாதை. அதைத் தாண்டி இறங்கினால் செஸ்த்ரியேரே நோக்கிய நீண்ட, ஆனால் தணிவான ஏற்றம்.

யேட்ஸுக்கு இந்த மலையோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 2018 ஜிரோவில் மூன்று கட்டங்களை வென்று, 13 நாள் ரோஜா ஜெர்சி அணிந்து, முடிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது இதே ஃபினெஸ்ட்ரேயில் அவர் கால்கள் ஓய்ந்தன. 38 நிமிடத்துக்கும் மேல் அன்று இழந்தார். அதே ஏற்றத்தில் பிரிந்து, சுமார் 80 கிலோமீட்டர் தனியே ஓட்டிச் சென்ற கிறிஸ் ஃப்ரூம் அந்த ஜிரோவையே வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்டாவை யேட்ஸ் வென்றதும் உண்மை. ஆனாலும் ஃபினெஸ்ட்ரே என்றாலே அவர் பெயர் தோல்வியோடுதான் சேர்த்துப் பேசப்பட்டது.

2025-இல் ஏற்றத்தின் அடிவாரத்தில் முதலில் பாய்ந்தவர் கரபாஸ். டெல் டோரோ அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். யேட்ஸ் தம் வேகத்தில் வந்து சேர்ந்தார், பிறகு மீண்டும் மீண்டும் தாக்கி, மலையின் கீழ்ப்பகுதியிலேயே தனியே பிரிந்தார். அப்போது டெல் டோரோவின் கணக்கு தெளிவானது: அருகிலுள்ள ஆபத்து கரபாஸ், அவரை விடாமல் ஒட்டியிருந்தால் போதும். கரபாஸின் கணக்கும் அதே அளவு தெளிவு: ஜெர்சி டெல் டோரோவிடம் இருக்கிறது, அதைக் காக்க வேண்டியவர் அவரே, நான் எதற்கு இழுக்க வேண்டும்? தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நியாயம். சேர்த்துப் பார்த்தால் மூன்றாமவருக்குக் கதவைத் திறந்துவிட்ட நியாயங்கள். யேட்ஸ் உச்சியைக் கடந்தபோது இடைவெளி அவருக்குத் தேவைப்பட்ட 81 விநாடியைத் தாண்டிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் பள்ளத்தாக்கில் இருவரும் மனம் மாறிக் கைகோத்துப் பிடித்திருக்கலாம். அங்கேதான் அணியின் முன்யோசனை வேலை செய்தது. யேட்ஸின் அணித்தோழர் வவுட் வான் ஆர்ட் அன்று தொடக்கத்திலேயே முன்னால் தப்பிச் சென்ற குழுவில் புகுந்திருந்தார். ஆஜானுபாகுவான பெல்ஜிய வீரர். சமதரையில் அவர் இழுத்தால் பின்னால் இருப்பவருக்கு அது மறைவிடம். கணவாயைத் தாண்டி அவர் யேட்ஸுக்காகக் காத்திருந்து, காற்று மிக முக்கியமாகும் பகுதியில் அவரை இழுத்துச் சென்றார். டெல் டோரோவுக்கு முன்னால் அப்படி ஒருவரும் இல்லை. அன்றைய கட்டத்தை அதே முன்குழுவிலிருந்த ஆஸ்திரேலியர் கிறிஸ் ஹார்ப்பர் வென்றார். யேட்ஸுக்கு ஐந்து நிமிடங்களுக்கும் மேல் பிந்தித்தான் மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஜிரோவின் இறுதி வித்தியாசம் 3 நிமிடம் 56 விநாடி. இதே வான் ஆர்ட்தான் சியெனாவில் முடிந்த ஒன்பதாம் கட்டத்தில் டெல் டோரோவை முந்தி வென்றிருந்தார். டெல் டோரோ ரோஜா ஜெர்சியை முதலில் அணிந்ததும் அன்றுதான்.

டெல் டோரோவை மட்டும் குறைசொல்வது எளிது, ஆனால் சரியல்ல. முதிர்ச்சியின்மை என்று 21 வயதுக்காரரை மன்னிக்கலாம். கரபாஸுக்கு அந்த மன்னிப்பும் கிடையாது. 2019 ஜிரோவை அவர் வென்றதே, போட்டியாளர்களான நிபாலியும் ரோக்லிச்சும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இடைவெளியில் நழுவிச் சென்றுதான். அந்தப் பாடத்தின் மறுபக்கத்தை ஆறு ஆண்டு கழித்து அவரே எழுதிக்கொண்டார்.

தயக்கம் தோற்கடித்த ஓட்டங்கள் அந்த ஆண்டில் வேறும் உண்டு. ஏப்ரல் 2 அன்று பெல்ஜியத்தின் 'ட்வார்ஸ் டோர் ஃப்ளாந்தரன்' பந்தயத்தில் நால்வர் முன்னால் பிரிந்தார்கள். அவர்களில் மூவர் ஒரே அணி: வான் ஆர்ட், மாத்தியோ ஜார்கன்சன், டீஸ் பெனூட். எதிரே தன்னந்தனியாக அமெரிக்கர் நீல்சன் பாவ்லெஸ். மூவரில் ஒருவர் மாற்றி ஒருவர் தாக்கியிருந்தால் பாவ்லெஸால் எல்லோரையும் துரத்தியிருக்க முடியாது. அவர்களோ வான் ஆர்ட்டின் இறுதிப் பாய்ச்சலை நம்பி அவரைக் கடைசிவரை கூட்டிச் சென்றார்கள். பாவ்லெஸ் அந்தப் பாய்ச்சலில் வென்றார். வான் ஆர்ட்டின் ஆண்டைப் புரிந்துகொள்ள இந்தத் தோல்வியையும் ஃபினெஸ்ட்ரே உழைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயங்கள் ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் சாலை உலகப் போட்டி. அங்கே மகளிர் பிரிவில் டெமி ஃபொல்லெரிங், பொலின் ஃபெரான்-பிரெவோ போன்ற பெரிய பெயர்கள் பின்னால் ஒருவரையொருவர் கவனித்தபடி இருக்க, முன்னே சென்றுவிட்ட சிறு குழுவிலிருந்து கனடாவின் மக்தலேன் வாலியே கடைசி ஏற்றத்தில் தனியே பிரிந்து வென்றார். முதுநிலைச் சாலைப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் கனடியர் இவரே. அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்க முடியாது. முன்குழுவில் இடம்பிடிக்க முதலில் கால் வலு வேண்டும்; அங்கிருந்து எப்போது பாய்வது என்ற தீர்மானமும் வேண்டும்.

கிகாலியின் ஆடவர் பந்தயம் வேறு வகை. 267.5 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 5,000 மீட்டருக்கும் மேல், நகரமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சுக்கும் சோதனை. முடித்தவர்கள் 30 பேர். இன்னும் 100 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கையிலேயே கிகாலி மலை ஏற்றத்தில் போகாச்சர் பாய்ந்தார். உடன் சென்ற ஹுவான் அயுசோவும் டெல் டோரோவும் பின்தங்க, கடைசி 66 கிலோமீட்டரைத் தனியே ஓட்டினார். ஒரு வாரத்துக்கு முன், அதே நகரின் நேரப் பந்தயத்தில், தமக்கு இரண்டரை நிமிடம் பிந்திக் கிளம்பிய ரெம்கோ எவெனெபூல் தம்மைத் தாண்டிச் செல்வதை அவர் பார்க்க நேர்ந்தது. சாலைப் பந்தயத்தில் எவெனெபூலுக்கு சைக்கிளே ஒத்துழைக்கவில்லை. இருமுறை சைக்கிள் மாற்றிய பிறகும் 1 நிமிடம் 28 விநாடி பின்னால் இரண்டாவதாக வந்தார்.

கால் வலுவின் அளவுகோலில் போகாச்சரின் கிகாலி ஓட்டத்துக்கு நிகரானவை அந்த ஆண்டில் மிகக் குறைவு. ஜூலையில் டூரின் ஹொட்டாகாம் மலையில் யோனாஸ் விங்கேகோரை அவர் 2 நிமிடம் 10 விநாடி பின்னால் தள்ளியதும் அப்படித்தான். ஆனால் பார்ப்பவருக்கு ஒரு குறை தெரியும்: அவர் பாய்ந்த கணத்திலேயே பந்தயம் முடிந்துவிடுகிறது. எஞ்சிய நேரத்தில் இரண்டாம் இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

அதனால்தான் அவர் தோற்ற நாட்கள் சுவையானவை. ஏப்ரல் 13-இல் பாரிஸ்–ரூபே. கருங்கல் பதித்த பழைய வண்டிப்பாதைகள் 50 கிலோமீட்டருக்கும் மேல் வரும் பந்தயம். உடல் எடை குறைந்த மலை வீரர்களுக்கு ஏற்றதல்ல. நடப்பு டூர் சாம்பியன் ஒருவர் அதில் இறங்கியது 1991-இல் கிரெக் லெமாண்டுக்குப் பிறகு அதுவே முதல்முறை. மத்தியூ வான் டெர் பூலோடு சரிக்குச் சரியாக வந்த போகாச்சர், சுமார் 38 கிலோமீட்டர் இருக்கையில் ஒரு வளைவில் வேகம் மிஞ்சிப் பாதையோரத் தடுப்பில் போய் விழுந்தார். வான் டெர் பூல் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக வென்றார். அப்படி வென்றவர்கள் அவருக்கு முன் லப்பீஸும் மோசரும் மட்டுமே. அடுத்த வாரம் ஆம்ஸ்டல் கோல்டில் தனியே முன்னால் சென்ற போகாச்சரை எவெனெபூலும் டென்மார்க்கின் மத்தியாஸ் ஸ்கெல்மோஸேயும் சேர்ந்து பிடித்தார்கள். கோட்டில் வென்றவர் ஸ்கெல்மோஸே. ஃபினெஸ்ட்ரேயில் இருவர் செய்ய மறுத்ததை இந்த இருவர் செய்தார்கள்.

வெற்றி பெறாத ஓட்டம் ஒன்றும் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். டூரின் ஒன்பதாம் கட்டம், ஷினோனிலிருந்து ஷத்தோரூ வரை 174 கிலோமீட்டர் சமதரை. கூட்டத்தோடு பாயும் வீரர்களுக்கென்றே அமைந்த நாள். கொடி அசைந்ததும் வான் டெர் பூலும் அணித்தோழர் யோனாஸ் ரிக்கார்ட்டும் இருவராகவே கிளம்பிவிட்டார்கள். ரிக்கார்ட் கடைசிக் கிலோமீட்டர்களில் ஓய்ந்து விலக, வான் டெர் பூல் தனியே நீடித்து, கோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போதுதான் பிடிபட்டார். துரத்தல் எவ்வளவு கடுமை என்றால், அன்றைய சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டது. நேரப் பந்தயங்களைத் தவிர்த்தால், டூர் வரலாற்றில் 1999-இன் ஒரு கட்டம் மட்டுமே இதைவிட வேகமானது. வென்ற டிம் மெர்லியேரைவிடப் பிடிபட்டவரே அதிகம் பேசப்பட்டார்.

டூரின் கடைசி நாளில் வழக்கம் மாறியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் கண்ட கூட்டத்தை மனத்தில் கொண்டு, மோன்மார்த்ர் குன்றின் கருங்கல் ஏற்றத்தை மூன்று முறை சேர்த்திருந்தார்கள். மழை காரணமாக ஒட்டுமொத்த நேரக் கணக்கை முன்கூட்டியே நிறுத்திவிட்டதால் முதலிடத்தைக் குறிக்கும் மஞ்சள் ஜெர்சிக்கு ஆபத்தில்லை, போகாச்சர் ஒதுங்கியிருக்கலாம். அவரோ முன்னணியில் நின்று தாக்கினார். மூன்றாவது ஏற்றத்தில் அவரைப் பின்தள்ளி, ஈரச் சாலையில் ஷான்ஸ் எலிசே வரை தனியே வந்தவர் வான் ஆர்ட். ட்வார்ஸின் தவறுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

மகளிர் டூரில் ஃபெரான்-பிரெவோவின் ஓட்டம் இவை எல்லாவற்றிலும் அதிகம் திட்டமிடப்பட்டது. பாரிஸில் மலைச் சைக்கிள் ஒலிம்பிக் தங்கம் வென்றபின் சாலைக்குத் திரும்பிய அவர், ஏப்ரலில் மகளிர் பாரிஸ்–ரூபேயை வென்றார். ஆகஸ்ட் 2 அன்று மத்லேன் கணவாயின் 18 கிலோமீட்டருக்கும் மேலான ஏற்றத்தில் எல்லோரையும் விட்டுப் பிரிந்து மஞ்சள் ஜெர்சியைப் பெற்றார். மறுநாள் ஷத்தெலில் இறுதிக் கட்டத்தையும் வென்று, ஃபொல்லெரிங்கைவிட 3 நிமிடம் 42 விநாடி முன்னதாக முடித்தார். 1989-இல் ழானி லோங்கோவுக்குப் பிறகு மகளிர் டூரை வென்ற முதல் பிரெஞ்சுப் பெண் அவர். கருங்கல் பாதைக்கு எடையும் வலுவும் உதவும். ஆல்ப்ஸுக்கு எடை குறைய வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் நான்கு கிலோ குறைத்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டு முழுவதும் அப்படி இருக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். இளம் வீராங்கனைகள் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்ற விவாதம் பந்தயம் முடிந்த அன்றே தொடங்கிவிட்டது. உடலை வருத்தி அளவுக்கு மீறி மெலிவது தமக்கு ஒத்துவராது என்ற கருத்தை ஃபொல்லெரிங் தெரிவித்தார்.