எண்ணூறு விக்கெட்டும் ஒரு விளையாட்டுத் திடலும்

மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டாக 2023 நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, பாட்டன்மார் நடந்த வழியிலே பேரப்பிள்ளைகள் மீண்டும் நடந்தனர். அதே ஆண்டு அக்டோபரில், எம். எஸ். ஸ்ரீபதியின் இயக்கத்தில், முத்தையா முரளிதரனின் வாழ்வைக் கூறும் ‘800’ திரைப்படம் வெளிவந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவரின் பேரன் உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களுள் ஒருவராக உயர்ந்த இக்கதை, சப்ரகமுவத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறது? இதுவே நம் கேள்வி.

படத்தின் வலிமையான பகுதியை முதலில் கூறிவிடுவோம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர், முரளியின் பந்தை ஏழு முறை ‘நோ போல்’ என்றார். பிறவியிலேயே முழுதும் நீட்ட முடியாத கையை ஆய்வுகூடங்களில் அளந்து காட்ட வேண்டியதாயிற்று. “நீ எறிபவன் அல்லன் என்பதை நிரூபி” என்ற கட்டளை அவரை ஆண்டுக் கணக்காகத் தொடர்ந்தது. இதனைக் காணும் தோட்டத்து மனிதன் மற்றொரு கட்டளையை நினையாதிருத்தல் இயலுமோ? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய பாட்டனை நாடற்றவனாக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. கையை நீட்டிக் காட்டியவனும் கடதாசியை நீட்டிக் காட்டியவனும் ஒரே வரிசையில் நின்றவர்களே. மெல்பேர்ண் காட்சிகள் நம் நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம் அதுதான்.

ஆயினும் படம் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றுகிறது. லயத்திலிருந்து மைதானத்துக்கு உள்ள தொலைவை விடாமுயற்சி ஒன்றே கடந்துவிட்டதாக அது காட்டுகிறது. உண்மை அவ்வளவு எளிதன்று. முரளியின் தந்தை கண்டியில் பிஸ்கற் தொழிற்சாலை நடத்தியவர். மகன் பயின்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே திடல் இருந்தது. சுனில் பெர்னாண்டோ என்னும் பயிற்சியாளர் இருந்தார். அப்பயிற்சியாளரின் சொற்படியே வேகப்பந்து வீசிய சிறுவன் சுழற்பந்துக்கு மாறினான். இவையெல்லாம் முரளியின் உழைப்பைக் குறைத்துவிடா. ஆனால் யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ இறக்குவானையிலோ லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இவற்றில் எது உண்டு? தோட்டத்தின் சமதரை தொழிற்சாலைக்கும் பெரட்டுக் களத்துக்கும் போக, பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் சரிவுதான். அங்கே அடித்த பந்து இறப்பர் மரங்களுக்கிடையே உருண்டு மறைந்தால், அதைத் தேடுவதிலேயே இடைவேளை முடிந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1977 வன்செயலில் முரளியின் குடும்பம் பட்ட துன்பத்தைப் படம் காட்டுகிறது; பின்னர் அவர் விக்கெட்டுகளைக் குவிக்க, நாடு அவரைத் தழுவிக்கொள்கிறது. அப்படியானால் சொந்தம் என்பது சாதனைக்குத் தரப்படும் கூலியா? ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த துருக்கியரின் பேரன் மெசூட் ஓசில் 2018இல் தேசிய அணியை விட்டு விலகியபோது, வென்றால் தான் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று மனம் நொந்து கூறினார். எண்ணூறு விக்கெட் எடுத்தவன் நம்மவன், சரி. ஒரு விக்கெட்டும் எடுக்காதவன் யாருடையவன்? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது ஓடியவர்களிடம் காட்டுவதற்கு விக்கெட் கணக்கு இல்லை.

சப்ரகமுவவில் தோட்டமும் சிங்களக் கிராமமும் அடுத்தடுத்து உள்ளன. அறுவடை முடிந்த வயலிலே இரு பக்கத்துச் சிறுவரும் ஒரே மட்டையால் ஆடுவதுண்டு. ஓட்டங்களை ஒருவன் சிங்களத்தில் எண்ணுவான், மற்றவன் தமிழில் எண்ணுவான், தொகை ஒன்றுதான். அங்கே ஒருவரும் மற்றவரிடம் சான்று கேட்பதில்லை. மாமேதைகளைப் பாடும் படங்கள் இச்சிறுவர்களைக் காண்பதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் இப்படத்தை மாணவருக்குக் காட்டலாம், காட்டவும் வேண்டும். காட்டிய பின், “முயன்றால் நீயும் முரளி ஆகலாம்” என்று கூறி அனுப்பிவிடலாகாது. முரளி ஆகாத பிள்ளைக்கும் இம்மண் சொந்தம் என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவாக ஒரு திடல் வேண்டும் என்று கேட்கவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.