மூளை மாற்றமும் மலநீக்கமும்

மனவழுத்தம் தணிக்கும் எட்டு வாரப் பயிற்சி மூளையின் அமைப்பையே மாற்றுமெனவும், அதனால் தந்நெறித் தியானம் விஞ்ஞானத்தால் நாட்டப்பட்டதெனவும் சைவருள்ளுஞ் சிலர் கூறுப. அக்கூற்று ஆராயற்பாலது.

அப்பயிற்சி 1979-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதன் வேர் பௌத்தத் தியானம். ஆன்மா இல்லையென்னும் பௌத்தரைச் சிவஞான சித்தியார் பரபக்கம் நால்வகையாக வகுத்து மறுத்திருக்க, அவர்வழி வந்த பயிற்சியின் சான்றைச் சைவர் தமக்கு அரணாகக் கொள்வது விந்தையே. அச்சான்றுதானும் நிலைத்ததோவெனின், இல்லை. 2011-ல் வெளிவந்த ஆய்வு, பயின்றார் 16 பேரின் மூளையில் நினைவுக்குரிய பகுதி முதலியன செறிவுற்றன என்றது. 2022-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 218 பேரிடத்து நிகழ்த்திய இரு சோதனைகளை ஒருங்குவைத்து நோக்கியபோது அம்மாற்றம் காணப்பட்டிலது.

அதுகொண்டு பயிற்சி பயனற்றதெனத் தள்ளுதலும் பிழை. அவ்வாண்டிலேயே வெளிவந்த பிறிதோர் ஆய்வு, பதற்றநோயுடையார் 276 பேரைக் கொண்டு நிகழ்ந்தது. பயிற்சி பெற்றாரும் எசிட்டலோபிராம் என்னும் மருந்துண்டாரும் ஏறக்குறைய ஒத்த அளவிலே தணிவெய்தினர். இராசபாளையத்து நூற்பாலையில் இரவெல்லாங் கதிர்களின் ஓசையிடை நின்று வீடு திரும்பும் தொழிலாளிக்குச் சினமும் அச்சமும் அடங்குமாயின் அது பேருதவியே. அவன் மூளையை அளந்த பின்னரே அதனை மெய்யென்று கொள்ளவேண்டுவதின்று.

இனி, மூளை மாறுவதாகவே கொள்ளினும் சித்தாந்திக்கு அதனால் வருவது யாது? சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்றென நிறுவி, அரசனுக்கு அமைச்சர்போல அவை உயிர்க்குத் துணையாதலைக் காட்டும். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்பன மாயையின் காரியம், ஆதலிற் சடம். சடம் பயிற்சியால் திருந்துதல் வியப்பன்று. அமைச்சர் அமைதியுற்றமை கொண்டு அரசனைப் பற்றிய மாசும் கழிந்ததென்றல் யாங்ஙனம்? ஆணவம் உயிரை அனாதியே பற்றியது. அதன் பரிபாகம் எவ்வளவைக் கருவிக்கும் விடயமாவதன்று.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி புண்ணை மூடிக் காக்கும், அதனை இகழ்வாரில்லை. ஆயினும் உள்ளூனை வளர்ப்பது அத்துணி என்பாரும் இல்லை. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாதப் பெருமான் திருமுன் நிற்கும் சைவர், மூளைப்படத்தைச் சான்றாகக் காட்டித் தம் நெறியை உயர்த்துவராயின், அத்திருப்பெயர் குறிக்கும் பிறவிப்பிணியை மறந்து கட்டுத்துணியையே மருந்தெனக் கொண்டாராவர்.