மேல்மாடியில் நின்றவர்கள்

எங்கள் வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். போன மாதம் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. பெரிய சண்டை எதுவும் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களின் அலபாமா. செய்யாத பாலியல் குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்ற கறுப்பின மனிதர் கூண்டில் நிறுத்தப்படுகிறார். அவருக்காக வாதாடுகிறார் அட்டிகஸ் ஃபின்ச் என்ற வெள்ளைக்கார வக்கீல். கதை சொல்வது அவருடைய சின்ன மகள். கேஸ் தோற்றுப்போகிறது. அட்டிகஸ் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்கும்போது, மேல்மாடியில் தனியாக உட்காரவைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் அத்தனை பேரும் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள். முதல்முறை அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் அழுதேன். அன்று மாடியில் பாதிப் பேருக்கும் அதே அனுபவம்தான்.

நர்சிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் கேட்டார்: “அவங்க ஏன் சார் எழுந்து நிக்கணும்? தோத்த கேஸ்தானே?” ஒருத்தர் அட்டிகஸின் நேர்மையைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அவர் விடவில்லை. “சரி சார். டாமோட வீட்டுக்காரி எங்க? அவங்க எத்தனை பக்கம் வர்றாங்க?”

வீட்டுக்குள் போய் புத்தகத்தை எடுத்துவந்து பார்த்தேன். தப்பிக்க முயன்றதாகச் சொல்லி டாமைச் சிறையில் சுட்டுவிடுகிறார்கள். உடம்பில் 17 குண்டுகள். செய்தி சொல்ல அட்டிகஸ் அந்த வீட்டுக்குப் போகிறார், ஹெலன் அப்படியே மண்ணில் விழுகிறாள். இதைக் கதை சொல்லும் சிறுமி நேரில் பார்க்கவில்லை. கூடப் போன பையன் பார்த்து வந்து அவளிடம் சொல்ல, அவள் நமக்குச் சொல்கிறாள். நாவலின் மிகப் பெரிய துக்கம் நமக்குக் கைமாறித்தான் வந்து சேர்கிறது. மூன்று முறை படித்தவன் நான், இது என் கண்ணில் படவே இல்லை.

அமெரிக்காவில் இந்தப் புத்தகத்தோடு சண்டை போட்டவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. 1966இல் வர்ஜீனியாவில் ஒரு கவுண்டியின் பள்ளிக் குழு இதை ஒழுக்கக்கேடு என்று விலக்கப் பார்த்தது. ஹார்ப்பர் லீ உள்ளூர் பத்திரிகைக்குக் கொஞ்சம் பணம் அனுப்பி, அந்தக் குழுவினரை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இதைப் பயன்படுத்துங்கள் என்று எழுதினார் (எனக்கு மிகவும் பிடித்த பதில் இது). 1992இல் சட்ட நெறிப் பேராசிரியர் மன்றோ ஃப்ரீட்மன் வேறு பக்கத்திலிருந்து வந்தார். கோர்ட் நியமித்ததால்தானே அட்டிகஸ் இந்த கேஸை எடுத்தார், சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் இனப்பிரிவினைக்கு எதிராக என்ன செய்தார் என்று கேட்டார். 2022இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பள்ளி மாவட்டம் இதைக் கட்டாயப் பாடப் பட்டியலிலிருந்து எடுத்தது. கேட்டவர்கள் ஆசிரியர்களே.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் அலமாரியிலிருந்து எடுத்தது ‘குருதிப்புனல்’.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி, இறக்க மறுத்தது செங்கொடி. கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப அதற்குக் கஷ்டமாக இருந்தது. அலபாமா ஜூரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிகழ்வை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவல் 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாகவும் வந்தது. எதிர்ப்பும் கூடவே வந்தது, முக்கியமாக இடதுசாரிகளிடமிருந்து. நாவலில் வரும் நிலக்கிழார் கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைபாடு உள்ளவர், அவருடைய வன்மத்தின் வேர் அங்கே போகிறது. கூலிப் போராட்டத்தை ஒரு ஆளின் உடம்புப் பிரச்சனையாகச் சுருக்கிவிட்டாரே என்பது அவர்கள் கோபம். நாவல் என்ன அறிக்கையா, மனித மனத்தை எழுதக்கூடாதா என்று மறுபக்கம் கேட்டார்கள்.

ரொம்ப நாள் நான் அந்த மறுபக்கத்தில்தான் இருந்தேன். இப்போது மாறிவிட்டேன். கண்ணையா நாயுடுவுக்கு ஒரு குறை இருப்பதால்தான் தீ வைத்தார் என்றால், அந்தக் குறை இல்லாத மற்ற மிராசுதார்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். ஹார்ப்பர் லீயிடமும் இதே வசதி இருக்கிறது. பழி முழுக்க பாப் யூவெல் என்ற குடிகார, அழுக்கு வெள்ளைக்காரன் தலையில். கடைசியில் அவன் செத்தும் போகிறான். தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் மறுநாள் தங்கள் வயலுக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் குருதிப்புனலைத் திட்டியவர்களும் வில்லனைப் பற்றியேதான் பேசினார்கள். வாசகன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அதிகம் கேட்கவில்லை. டெல்லியிலிருந்து அந்த கிராமத்துக்கு வரும் கோபால், அவனைப் பார்க்க வரும் சிவா என்று படித்த, வெளியூர் ஆட்களின் கண்தான் நமக்குக் கிடைக்கும் ஜன்னல். அதிர்ச்சி அடையலாம், விவாதிக்கலாம், குடிசைக்குள் போகவேண்டியதில்லை. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் சுகமாக உட்கார்ந்திருந்த இடமும் அதுதான். அதற்காக நாவலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வெண்மணி என்ற பெயரையே நான் அதன் வழியாகத்தான் முதலில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மாவட்டத்திலும் இது நடந்தது. 2023 ஜனவரி 30, தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூர். சுமார் 80 வருடமாக உள்ளே விடப்படாத தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். கலெக்டர், எஸ்.பி., போலீஸ் பாதுகாப்பு எல்லாம் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் எங்கள் வேங்கிக்காலில்தான், தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அன்று இங்கே டீக்கடையில் நாங்கள் பேசியதெல்லாம் அதிகாரிகளின் துணிச்சலைப் பற்றித்தான். பொங்கல் பானையோடு முதலில் வாசற்படி ஏறிய பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எங்களில் யாரும் பேசவில்லை.

இதை மாடியில் சொன்னபோது அந்த நர்சிங் பெண், “பயமாத்தான் சார் இருந்திருக்கும். போலீஸ் சாயந்தரம் போயிடுவாங்கல்ல” என்றார்.

வெண்மணியை வைத்து 1999இல் சோலை சுந்தரபெருமாள் எழுதிய ‘செந்நெல்’ இருக்கிறது. தஞ்சை மண்ணில் வாழ்ந்தவர் எழுதியது. எங்கள் குழுவில் என்னைத் தவிர யாரும் படித்திருக்கவில்லை, நானும் பாதியில் வைத்துவிட்டவன். வட்டார வழக்கு கஷ்டமாக இருக்கிறது என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் அதுதான். ஒரே பிரதிதான் இருக்கிறது, அதை அந்தப் பெண் எடுத்துப் போயிருக்கிறார்.