தலக்கதையும் வரலாற்று ஐயமும்

காங்கேசன்துறை என்னும் பெயருக்குத் தலமரபு ஒரு விளக்கம் கூறும். குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடி அம்முகம் நீங்கப்பெற்றாள். மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எடுத்தாள். காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று என்பது அது. அவ்விளவரசியின் கதையை யாழ்ப்பாண வைபவமாலையும் உரைக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய நூல் அது. முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் 1920களில் அந்நூலின் செய்திகளை ஆராய்ந்து, அவற்றுட் பலவற்றை ஐயுற்றனர்.

ஐயம் பிறந்தவிடத்து நூலை வெறும் கட்டுக்கதையென ஒதுக்குவார் ஒருசாரார். ஐயுறுதலையே நிந்தனை என்பார் மற்றொருசாரார். எபிரேய மறைநூல்கள் பற்றிய ஆய்வு இவ்விரு நிலைகளுக்கும் அப்பால் ஒரு வழியைக் காட்டுகின்றது.

மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்நூல்கள் ஒருவர் கையால் ஒரே காலத்தில் எழுந்தவையல்ல என்பதும், அவற்றின் குருத்துவச் சட்டங்கள் பாபிலோனியச் சிறைவாசத்துக்குப் பிற்பட்டவை என்பதும் 1878இல் வெல்ஹவுசன் நிறுவ முயன்ற கருத்துக்கள். அவர் வகுத்த கால வரிசை இன்றும் விவாதத்துக்குரியது. பல கைகள் என்னும் முடிவோ பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. 1970களில் சீனாய்ப் பாலைநிலத்துக் குந்திலெத் அஜ்ருட்டில் கிடைத்த எழுத்துக்கள் யாவேயின் பெயரோடு 'அசேரா'வையும் சேர்த்துச் சுட்டுகின்றன. அச்சொல் பெண்தெய்வத்தைக் குறிக்குமா, வழிபாட்டுச் சின்னத்தையா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. எனினும் பண்டை வழிபாடு நூல் விதித்த ஒருமையினும் பன்மைப்பட்டது என்பது புலனாகின்றது.

இரு மரபுகளும் ஒப்புநோக்கற்பாலன. எபிரேய அரசர் வரலாறு, மறைந்துபோன அரச குறிப்பேடுகளைச் சான்று காட்டும். வைபவமாலையும் இன்று கிடைக்காத இராசமுறையைச் சான்று காட்டும். யாக்கோபு கல்லை நிறுத்தி எண்ணெய் வார்த்து அவ்விடத்துக்குப் பெத்தேல் எனப் பெயரிட்ட கதையும், காங்கேசன்துறைக் கதையும் ஊர்ப்பெயருக்குக் காரணம் கற்பிப்பன. கி.மு. 586இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் எபிரேய நூல்களிற் பெரும்பகுதி இன்றைய உருப்பெற்றது. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்து, கோயில்கள் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே வைபவமாலை எழுந்தது. எனினும் முன்னது ஒரு சமூகத்தின் மறை. பின்னது அந்நிய அதிகாரியின் வேண்டுகோளுக்கு எழுந்த வரலாறு. அவ்வேறுபாட்டை மறத்தல் தகாது.

ஆகவே அவ்விளவரசி வாழ்ந்த காலத்துக்கு இந்நூல் சான்றாகாது. இழந்த அரசை 18ஆம் நூற்றாண்டினர் எவ்வாறு நினைந்தனர் என்பதற்கு நேர்ச்சான்றாகும். 1990இல் போரினாற் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்து நெடுங்காலம் அகதிகளாயினர். அவர்தம் மண்ணுரிமைக்கு இளவரசியின் காலக்கணக்கு ஆதாரமன்று. அவர்கள் அங்கு வாழ்ந்த வாழ்வே ஆதாரம். கதையை வரலாறெனக் காட்டி உரிமை கோருவோர், கதை பொய்ப்படின் உரிமையும் பொய்ப்படும் என்னும் வாதத்துக்குத் தாமே இடமளிக்கின்றனர். ஐயத்தை அஞ்சாது ஏற்பதே அம்மரபுக்கு அரணாகும்.