போர்வைக்குள் ஓர் அரசர்

மானாம்பதியில் ஓர் அடக்கத் திருப்பலிக்கு முன்பு, மறைந்த பெரியவரின் படத்தைத் தேடிக் குடும்பத்தார் திண்டாடியதைக் கண்டேன். கிடைத்தவை யாவும் திருமண வீடுகளில் விறைத்து நின்ற படங்கள். மாலையில் திண்ணையில் கால்நீட்டி, வெற்றிலை மடித்தபடி ஊர்க்கதை பேசிய மனிதர் அவற்றில் இல்லை. “அப்பா இப்படி நிற்கவே மாட்டார், சாமி” என்றார் மகள். அன்றிரவு நைன்சுக்கின் ஓவியங்கள் நினைவுக்கு வந்தன.

இமயமலையடிவாரத்துக் குலேரில் ஏறத்தாழ 1710-இல் பிறந்தவர் நைன்சுக். தந்தை பண்டித் சேவு, தமையன் மனக்கு இருவரும் ஓவியர்கள். ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங் இவரை ஆதரித்தார். அரசரை அரியணைமேல் கம்பீரமாகக் காட்டுவது அரசவை ஓவியரின் வழக்கம். நைன்சுக்கோ, தம் புரவலர் தாடி திருத்திக்கொள்வதையும், கடிதம் எழுதுவதையும், போர்வைக்குள் உடலை ஒடுக்கி நெருப்பின்முன் அமர்ந்திருப்பதையும் வரைந்தார்.

இவருடைய படைப்புகளில் பல, தூரிகையால் இழுத்த மைக்கோடுகளும் மெல்லிய வண்ணச் சாயலுமாகவே நின்றுவிடுகின்றன. முற்றுப்பெறாதவை என்று அவற்றைக் கருதுவோர் இருக்கலாம். எனக்கோ அந்தச் சிக்கனமே நிறைவாகப் படுகிறது. பொன்னும் பகட்டும் விலகியபின் எஞ்சுவது ஒரு மனிதன் அமர்ந்திருக்கும் பாங்கு. குளிரில் ஒடுங்கிய அரசர் ஏளனத்துக்கு எளிதில் இடம்தருவார். ஆனால் அக்கோட்டில் ஏளனம் இல்லை, முகத்துதியும் இல்லை. நெடுநாள் உடனிருந்தவனின் உரிமையும் பரிவும் அதில் தெரிகின்றன. எக்காளம் ஊதுவோரைத் தீட்டியபோதும், இவர் ஒவ்வொருவருக்கும் தனிமுகம் தந்தார். அரசரிடமும் ஊழியரிடமும் அவர் தேடியது மனித முகத்தையே.

1763-இல் பல்வந்த் சிங் மறைந்தார். அவரது அஸ்தியுடன் ஹரித்துவார் சென்ற நைன்சுக், அங்கே யாத்திரிகர் பதிவேட்டில் தம் கைப்படக் குறிப்பெழுதினார். கலை வரலாற்றறிஞர் பி. என். கோஸ்வாமி அத்தகைய ஏடுகளைத் துருவியே இவ்வோவியக் குடும்பத்தின் வரலாற்றை மீட்டெடுத்தார். ஜஸ்ரோட்டா சிறிய அரசு. அதன் வெற்றிகளை இன்று நினைப்பார் அரியர். எனினும் குளிருக்கு நெருப்பை நாடிய அதன் அரசரை நாம் அறிவோம்.

படமெடுக்கும் கருவி இன்று எல்லார் கையிலும் உண்டு. அதன்முன் நாம் இன்னும் விறைத்தே நிற்கிறோம். ஓய்ந்திருக்கும் பெற்றோர் படத்துக்கு உரியவராக நமக்குத் தோன்றுவதில்லை. நைன்சுக்குக்குத் தோன்றியது. அந்த மகள் அன்று தேடியது இத்தகைய ஒரு தாளைத்தான்.