கல்வியின் பயன்: தாகூரும் காந்தியடிகளும்

கல்வியின் பயன் யாது என்னும் வினாவிற்குத் தாகூரும் காந்தியடிகளும் தந்த விடைகளை ஒப்பிடுவோர், முன்னவர் கலையை நாடினார், பின்னவர் கைத்தொழிலை நாடினார் என்று கூறி அமைவது வழக்கம். இக்கூற்று முழு உண்மை ஆகாது.

1901-இல் சாந்திநிகேதனத்தில் மரநிழற் பள்ளியைத் தொடங்கிய தாகூர், 1924-இல் சிட்சாசத்திரம் என்னும் பள்ளியை நிறுவி, சிற்றூர்ப் பிள்ளைகள் கைத்தொழில் வழியே கற்க வகை செய்தார். காந்தியடிகளின் ஆதாரக் கல்வி வார்தா மாநாட்டில் உருப்பெற்றதோ 1937-இல்தான். அடிகளும் தொழிலாளரை உருவாக்க மட்டும் பள்ளியை வேண்டினார் அல்லர்; உடல், உள்ளம், ஆன்மா மூன்றும் மலர்வதே கல்வி என்றார். தாய்மொழியே பயிற்றுமொழி ஆதல் வேண்டும் என்பதிலும் இருவரும் ஒருமித்தே நின்றனர்.

ஆயின், வேறுபாடு எங்கே உளது? பிள்ளை நூற்ற நூலின் விலையில் உளது. அவ்விலை ஆசிரியரின் ஊதியத்திற்கு உதவ வேண்டும் என்றார் அடிகள். அன்று மாகாண அரசுகள் கல்விக்கு மதுவரி வருவாயை நம்பியிருந்தன. குடியின் காசில் பள்ளி நடப்பதை அவர் உள்ளம் ஏற்கவில்லை. அவர் நோக்கம் உயர்ந்ததே. எனினும், பொருட்பயனே கல்வியின் முடிவாகிவிடுமோ என்று தாகூர் ஐயுற்றார். பாடத்திட்டம் வகுத்த சாகிர் உசேன் குழுவும், வருவாயைப் பெரிதென எண்ணிக் கல்விப்பயனைக் கைவிடலாகாது என எச்சரித்தது.

தாகூரின் வழிக்கும் இடர் உண்டு. தம் விசுவபாரதிக்குப் பொருள் தேடி முதுமையிலும் அவர் ஊர் ஊராக அலைந்தார். 1936-இல் அறுபதாயிரம் ரூபாய் கிடைக்கச் செய்து அவ்வலைச்சலைத் தணித்தவர் காந்தியடிகளே. பிள்ளையின் உழைப்புக்கு விலை கூற விரும்பாத பள்ளிக்கு வேறொருவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி எட்டுவது எவ்வாறு என்பது அடிகளின் வினா. எட்டிய கல்வி பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பது தாகூரின் வினா. முதல் வினாவிற்கு விடை கூறும் கடமை அரசுக்கும் சமுதாயத்திற்கும் உரியது. அச்சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றியதே வார்தாத் திட்டத்தின் குறை. இரண்டாம் வினாவோ வகுப்பறையில் நாள்தோறும் எழுவது. கைத்தொழிலாயினும் தேர்வு மதிப்பெண்ணாயினும், பிள்ளை ஈட்டித் தருவதைக் கொண்டே கல்வியை அளக்கும் ஆசிரியர் அவ்வினாவைக் கேளாது விடுகிறார்.